படுத்தே கிடக்கும் கறிக்கோழி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மழைக்காலக் கொட்டகைப் பராமரிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கறிக்கோழிகளின் கால் கோளாறைப் பற்றியே கேட்டிருந்ததால், இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பண்ணையாளர்): ஐயா, நாங்கள் 5,000 கோழிகளை ஒப்பந்த முறையில் வளர்க்கிறோம். நான்காவது வாரம் முடிந்ததும் பல கோழிகள் எழுந்து நடப்பதே இல்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு தின்கின்றன. ஒப்பந்த நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு வருபவர், "படுத்துக் கிடந்தால்தான் எடை ஏறும், எழுப்பாதீர்கள்" என்கிறார். வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். எனக்கென்னவோ அவை சுகமாகப் படுத்திருப்பதாகத் தோன்றவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, உங்கள் கண் பார்த்ததே சரி. ஆனால் மேற்பார்வையாளர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு என்பதால், அந்தப் பாதியை முதலில் பிரித்துவிடுவோம்.

ஐந்து, ஆறு வாரக் கறிக்கோழி நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும் இனம்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 39 முதல் 49 நாள் வயதுள்ள கோழிகளை இரவும் பகலும் கவனித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கால் நன்றாக இருந்த கோழிகளே 76 விழுக்காட்டு நேரம் படுத்திருந்தன; தெளிவாக நொண்டிய கோழிகள் 86 விழுக்காட்டு நேரம் படுத்திருந்தன. பத்து விழுக்காடுதானே என்று தோன்றும். நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டால் வேறு விதமாகத் தெரியும்: நல்ல கோழி ஒரு நாளில் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி நேரம் காலில் நிற்கிறது என்றால், நொண்டிக் கோழி மூன்றேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. நிற்பது, நடப்பது, தரையில் பரப்பிய கூளத்தைக் கிளறுவது, இறகைக் கோதுவது, மற்றக் கோழிகளிடமிருந்து விலகிப் போவது ஆகிய அனைத்தையும் அது அந்தக் குறுகிய நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தீவனத்தைப் பற்றி அதே ஆய்வு சொல்வதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான விடை. நல்ல கோழிகள் 24 மணி நேரத்தில் சராசரியாக 50 தடவைக்கு மேல் தொட்டிக்குச் சென்றன. மிகவும் நொண்டியவை 30 தடவை அளவில் நிறுத்திக்கொண்டன. ஆனால் ஒவ்வொரு தடவையும் கூடுதல் நேரம் தங்கித் தின்றதால், தின்பதற்குச் செலவிட்ட மொத்த நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. மேலும், நல்ல கோழிகள் பெரும்பாலும் நின்றே தின்ன, நொண்டியவை ஏறக்குறைய பாதி நேரம் படுத்துக்கொண்டு தின்றன. உங்கள் கொட்டகையில் நீங்கள் பார்த்ததும் இதுவே. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்ற பழமொழி சோம்பேறிகளுக்குச் சொன்னது; இந்தக் கோழி சோம்பிக் குந்தவில்லை, ஒவ்வொரு நடைக்கும் வலியை விலையாகக் கொடுக்க வேண்டியிருப்பதால் நடைகளைக் குறைத்துக்கொண்டு, வயிற்றை மட்டும் எப்படியோ நிரப்பிக்கொள்கிறது. தீவனம் குறையாததால் எடையும் சில நாள் ஏறத்தான் செய்யும். தராசை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத் தெரிவது அதனால்தான்.

தண்ணீர் விஷயம் இவ்வளவு எளிதில் சமாளிக்கக் கூடியதன்று. தீவனத் தொட்டியின் விளிம்புக்குப் படுத்தபடியே கழுத்தை நீட்டலாம். அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டும் நிப்பிள் குழாயையோ கோழி வளர வளர நாம் உயர்த்திக்கொண்டே போகிறோம். நான்காவது வாரத்தில் அது நின்று, கழுத்தை மேலே நீட்டிக் குடிக்கும் உயரத்தில் இருக்கும். எழ முடியாத கோழிக்கு அது எட்டாக் கனி. மதுரையின் சித்திரை, வைகாசி வெயிலில் வாயைத் திறந்து இரைக்கும் ஒரு கோழி, கண்ணெதிரே குழாய் இருந்தும் குடிக்க முடியாமல் நீர் வற்றிச் சாவதைப் பலர் "வெயிலில் செத்தது" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். அவற்றில் ஒரு பகுதியேனும் கால் கோளாறால் செத்தவை என்பது என் அனுபவம்.

இனி நீங்களே செய்து பார்க்கக் கூடியது. கோழியின் நடையை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கும் முறையை 1992-இல் அதே பிரிஸ்டல் குழுவினர் வகுத்தார்கள். இன்றுவரை உலகெங்கும் பரவலாக அதைப் பயன்படுத்துகிறார்கள். சீராக நடந்து, காலைத் தூக்கும்போது விரல்களை மடக்கிக்கொள்ளும் கோழிக்கு 0. நடையில் சிறு தள்ளாட்டம் இருந்தாலும் நினைத்த இடத்துக்குத் தடையின்றிப் போகக் கூடியவற்றை 1, 2 என்று கொள்ளலாம். நொண்டுவது வெளிப்படையாகத் தெரிந்து, வேகமாகத் திரும்பவோ ஓடவோ முடியாமல், நாம் விலகியதும் உடனே படுத்துவிடும் கோழி 3. விரட்டினால் மட்டும் இரண்டடி வைப்பது 4. நிற்கவே முடியாமல் இறக்கையை ஊன்றி நகர்வது 5. விடியற்காலையில் கொட்டகையின் நீளத்துக்கு மெதுவாக நடந்து போங்கள். உங்கள் காலடிக்கு எழாத கோழிகளிடம் சற்று நின்று பாருங்கள். வெவ்வேறு இடங்களில், எழுந்தவை எழாதவை என்று பிரிக்காமல், நூறு கோழிகளைப் பார்த்து, 3-உம் அதற்கு மேலும் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்தே வாரம் ஒருமுறை எழுதினால், சிக்கல் எந்த வாரத்தில் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். மருத்துவருக்கு உங்கள் கடிதத்தைவிட அந்த நோட்டு அதிகம் சொல்லும்.

உங்கள் பண்ணையில் மட்டும் இப்படி என்று மனம் நோக வேண்டாம். பிரித்தானியாவில் 51,000 கோழிகளை, சராசரியாக 40 நாள் வயதில், இதே முறையில் தரம் பிரித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 27.6 விழுக்காடு கோழிகள் 3 அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் இருந்தன, 3.3 விழுக்காடு கிட்டத்தட்ட நடக்கவே முடியாத நிலையில் இருந்தன. நான்கில் ஒன்றுக்கு மேல். நவீனப் பண்ணைகள் உள்ள நாட்டின் கணக்கு இது.

4, 5 தரக் கோழிகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு மூலையில் தடுப்புப் போட்டு, புதுக் கூளம் பரப்பி, தாழ்வான தட்டில் தண்ணீரும் தீவனமும் வைத்து, 3, 4 தரக் கோழிகளை இரண்டு மூன்று நாள் பாருங்கள். தேறாதவற்றையும், ஏற்கெனவே 5-இல் இருப்பவற்றையும் பயிற்சி உள்ளவரைக் கொண்டு கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் பிரித்துக் கழித்துவிடுவதே கருணை. இறப்புக் கணக்கு கூடினால் நிறுவனம் தரும் வளர்ப்புக் கூலி குறையுமே என்ற அச்சத்தில், கோழிகளைப் பிடித்து வண்டியில் ஏற்றும் நாள்வரை அவற்றை இழுத்துக்கொண்டு போவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கோழி எப்படியும் வண்டி ஏறப் போவதில்லை, அல்லது ஏறினால் கூண்டிலேயே சாகப் போகிறது. இடைப்பட்ட பத்து நாள் தின்ற தீவனம் உங்கள் தீவன மாற்றுத் திறன் (ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம்) கணக்கில்தான் வந்து விழும்.

கேள்வி (மேலூரிலிருந்து ஒரு வாசகர்): நெல் அரவை ஆலையிலிருந்து உமி வாங்கித்தான் ஆழ்கூளம் போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கால் கோளாறு அதிகமாக வருகிறது. உமியில் குறையா, தீவனத்தில் குறையா?

பதில்: உமியில் குறை இல்லை, ஈரத்தில் இருக்கிறது. ஈரக் கூளத்தில் எச்சம் சிதைந்து அம்மோனியா கிளம்புகிறது. நாளில் முக்கால் பங்கு படுத்தே இருக்கும் பறவைக்குக் கூளம்தான் பாயும் போர்வையும். அது நனைந்து காரமேறினால் முதலில் பாதத்தின் அடித்தோல் வெந்து கறுத்துப் புண்ணாகிறது. அடுத்துக் கணுவின் (காலின் நடு மூட்டின்) பின்பக்கம் பழுப்பாகிறது. பிறகு நெஞ்சில் கொப்புளம் கட்டுகிறது. பாதம் புண்ணான கோழி நடக்க அஞ்சிப் படுக்கிறது, படுத்த கோழிக்குக் கணுவும் நெஞ்சும் வேகின்றன, வெந்ததால் இன்னும் படுக்கிறது. காலில் எலும்புக் கோளாறே இல்லாத கோழியையும் இந்தச் சுழல் நொண்டியாக்கிவிடும்.

கொட்டகைக்குள் மண்டியிட்டு, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் உங்கள் முகத்தை வைத்து இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். நின்றபடி மோந்து பார்ப்பது உங்கள் காற்றைத்தான் சொல்லும், கோழியின் காற்றைச் சொல்லாது. கண் எரிந்தால் கூளம் கெட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டு விதிமுறை, அடர்த்தியாக வளர்க்கும் பண்ணைகளில் கோழியின் தலை மட்டத்தில் அம்மோனியா பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. கண் எரியத் தொடங்கும்போது பெரும்பாலும் அந்த அளவை எட்டியிருப்போம். ஒழுகும் நிப்பிளை மாற்றுவதும், சாரல் அடிக்கும் பக்கத்துப் படுதாவை மழை நின்றதும் சுருட்டிக் காற்று விடுவதும், கட்டி பிடித்த கூளத்தை அன்றன்றே அள்ளி வெளியே போட்டுக் காய்ந்த உமி சேர்ப்பதும் போதும். நாள்தோறும் கிளறுங்கள், ஆனால் வெயில் ஏறும் முன் கிளறுங்கள்.

தீவனக் குறையாக இருந்தால் மழை மாதம், வெயில் மாதம் என்று பார்க்காது. இரண்டாவது வாரத்திலேயே குஞ்சின் அலகு ரப்பர் போல வளைந்தால், காலெலும்பு ஒடியாமல் வளைந்தால், வைட்டமின் டி3, கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றில் ஒன்றோ அவற்றின் விகிதமோ தவறியிருக்கிறது. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு கணுவில் நடந்தால் ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) குறைவு. இவை பொதுவாகக் கூட்டம் முழுவதிலும் பரவலாகத் தெரியும். மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திடீரென்று ஒரு காலை இழுப்பவை வேறு வகை. அவற்றில் பெரும்பாலும் தொடை எலும்பின் தலை, கிருமி தங்கி அழுகியிருக்கும். உடற்கூறாய்வில் தொடையை லேசாகத் திருகினாலே தலை நொறுங்கி வரும். வேகமாக ஏறும் எடையால் இளங் குருத்தெலும்பில் நுண்ணிய விரிசல்கள் விழ, இரத்தத்தில் சுற்றும் கிருமிகள் அங்கே குடியேறிக்கொள்கின்றன. கணு வீங்கிச் சூடாக இருந்தால் மைக்கோபிளாஸ்மா, ரியோ வைரஸ் போன்ற கிருமிகளையும் சந்தேகிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்து இவற்றைப் பிரித்தறிவது எங்களுக்கே கடினம். நொண்டும் கோழிகள் நான்கைந்தை உயிருடனேயே அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்துக்கோ, திருப்பரங்குன்றத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி, ஆராய்ச்சி மையத்துக்கோ கொண்டு போங்கள். செத்து ஒரு நாள் ஆன கோழியைப் பையில் கட்டிக்கொண்டு போவதில் பயன் குறைவு.

கேள்வி (மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி): கறிக்கடைக் கூண்டில் பிராய்லர் கோழிகள் நிற்கக்கூட முடியாமல் கிடக்கின்றன. ஹார்மோன் ஊசி போட்டு வளர்ப்பதால்தான் இப்படி என்கிறார்கள். உண்மையா? காலில் பழுப்புத் தழும்புள்ள கோழியைச் சாப்பிடலாமா?

பதில்: ஊசி இல்லை. கொட்டகையில் உள்ள ஐயாயிரம் கோழிகளுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் கோழி விற்ற பணம் கூலிக்கே போதாது. வளர்ச்சி ஹார்மோன் புரதம் என்பதால் தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதத்தைப் போலவே செரித்துவிடும். காரணம் ஊசியைவிட ஆழமானது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கறிக்கோழி வகைகளை ஒரே தீவனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த முடிவின்படி, 56-ஆம் நாளில் முதல் வகை 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், மாறியது பரம்பரை மட்டுமே. வேகமாக வளர்ந்ததையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்ததன் விளைவு இது.

தசை வளர்ந்த வேகத்துக்கு எலும்பு முதிரவில்லை. நம் ஊர்ச் சிறுவிடைக் கோழி ஆறு வாரத்தில் தாயின் பின்னால் ஓடிக் குப்பை கிளறும் குஞ்சு. இந்தக் கோழிக்கும் வயது அதேதான், குரலும் குஞ்சின் குரல்தான். உடம்பு மட்டும் இரண்டு கிலோ. நெஞ்சுச் சதை பெருத்ததால் பாரம் முன்பக்கமாக நகர்ந்து, கால்களை அகட்டி வைத்து ஆடி ஆடி நடக்கிறது. கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் எலும்பாக மாற வேண்டிய குருத்தெலும்பு மாறாமல் கட்டியாகவே தங்கிவிடுவதும் இந்த வேகத்தோடு சேர்ந்து வரும் கோளாறு. கடைக் கூண்டில் நீங்கள் பார்த்த கோழி, இவற்றோடு பயணக் களைப்பும் தாகமும் சேர்ந்ததாக இருக்கும்.

கணுவின் பின்பக்கப் பழுப்புத் தழும்பு, மேலே மேலூர் வாசகருக்குச் சொன்ன ஈரக் கூளத்தின் முத்திரை. அந்த இடத்தை வெட்டிவிட்டு நன்றாக வேகவைத்தால் உண்பதற்குத் தடை இல்லை. மூட்டில் சீழ் கட்டியிருந்தால் வாங்காதீர்கள். உயிர்க்கோழி வாங்கும் வசதி உங்களுக்கு இருப்பதால் காலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கணு சுத்தமாக இருக்கும் கோழியைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் பத்துப் பேர் வந்தால், கடைக்காரர் அந்தக் கேள்வியைப் பண்ணைவரை கொண்டு போவார்.

கேள்வி (திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்): நொண்டும் கோழிக்கு வலி மாத்திரை கொடுக்கலாமா? கோழிக்கு உண்மையிலேயே வலி தெரியுமா, அல்லது காலின் அமைப்பால்தான் நடக்க முடியவில்லையா?

பதில்: இரண்டாவது கேள்வியை ஆய்வாளர்கள் கோழியிடமே கேட்டுவிட்டார்கள். கார்ப்ரோஃபென் என்ற வலிநிவாரணி கொடுத்த நொண்டிக் கோழிகளைத் தடைகள் வைத்த ஒரு பாதையில் நடக்கவிட்டபோது, 34 நொடி எடுத்துக்கொண்டவை 18 நொடியில் கடந்தன. கால் நன்றாக இருந்த கோழிகளுக்கு 11 நொடி ஆயிற்று. அமைப்புக் கோளாறு மட்டுமே காரணம் என்றால் மருந்து நடையை மாற்றியிருக்காது. 2000-ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு சோதனை என்னை இன்றும் வியக்க வைப்பது. இரண்டு நிறத் தீவனங்களை வைத்து, ஒன்றில் மட்டும் அந்த மருந்தைக் கலந்தார்கள். நொண்டிக் கோழிகள் மருந்துள்ள நிறத்தை நல்ல கோழிகளைவிட அதிகமாகத் தேர்ந்தெடுத்துத் தின்றன; நொண்டுவது கடுமையாக இருக்க இருக்க அந்தத் தீவனத்தைக் கூடுதலாகத் தின்றன. படிக்கத் தெரியாத பறவை தனக்குத் தானே மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டதைப் போல.

ஆனால் நீங்கள் மாத்திரை கொடுக்க வேண்டாம். ஆறு வாரத்தில் தட்டுக்கு வரப் போகும் கோழியின் இறைச்சியில் மருந்து தங்கும். சட்டமும் உண்டு: டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணியைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த நம் நாட்டில் 2006-இல் தடை வந்தது, அதே வகை மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றுக்கு 2023-இல் வந்தது. மூன்றும், மருந்து தங்கிய கால்நடைப் பிணத்தைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்லக் கூடியவை. மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கும் பழக்கம் சில இடங்களில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வலியை வரும் முன் தடுக்கத்தான் வழி இருக்கிறது.

கேள்வி (வாடிப்பட்டியிலிருந்து ஒரு வாசகர்): அடுத்த பேட்ச் இறங்குமுன் என்ன செய்தால் கால் கோளாறு குறையும்? கொட்டகையை மாற்றிக் கட்ட வசதி இல்லை.

பதில்: கட்ட வேண்டாம், விளக்கை அணையுங்கள். இரவெல்லாம் பல்பு எரிந்தால் இரவெல்லாம் தின்னும் என்பது பழைய கணக்கு. இருளில் கோழி உறங்குகிறது, முதல் வாரங்களின் வளர்ச்சி வேகம் சற்றுத் தணிகிறது, எலும்புக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது, விழித்ததும் சுறுசுறுப்பாக நடக்கிறது. நான் மேலே சொன்ன ஐரோப்பிய விதி, முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளில் மொத்தம் 6 மணி நேர இருளும், அதில் குறைந்தது 4 மணி நேரம் தொடர்ச்சியான இருளும் கேட்கிறது. கோடையில் பகலில் தின்னாத கோழி இரவில்தானே தின்ன வேண்டும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதனால் மாலையிலிருந்து ஒன்பது மணிவரை தின்னவிட்டு, பிறகு அணைத்து, மூன்று மணிக்குப் போடுங்கள். மதுரையில் அந்த விடியற்காலைக் குளிர்ச்சியைவிடத் தீவனத்துக்கு ஏற்ற நேரம் கிடையாது. குஞ்சுகளை முதல் நாள்களில் ஒரு மணி நேர இருளில் பழக்கி, பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். இருள் பழகிய குஞ்சுகள் மின்வெட்டில் மிரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாவதும் குறையும். இது இலவச இணைப்பு.

இடவசதியில் நம் திறந்த கொட்டகைகள் மோசமில்லை. ஒரு சதுர அடிக்கு ஒரு கோழி, அது இரண்டு கிலோ என்றால், சதுர மீட்டருக்கு 21 கிலோவைச் சற்றே தாண்டும். ஐரோப்பாவின் அடிப்படை வரம்பே 33 கிலோ. அந்த இடத்தைக் கோழி பயன்படுத்தும்படி செய்வதுதான் மிச்சம். தீவனத் தொட்டியையும் தண்ணீர் வரிசையையும் ஒட்டி ஒட்டி வைக்காமல் சில அடி தள்ளி வைத்தால், குஞ்சுப் பருவத்திலேயே நடந்து பழகும். வைக்கோல் கட்டுகள் சிலவற்றை அங்கங்கே போடுங்கள். ஏறி இறங்கும், அவற்றின் நிழலில் படுக்கும். குஞ்சு இறங்கும் முதல் நாள்களில் வழுக்கும் செய்தித்தாளை மட்டும் விரித்து விடாதீர்கள். கால் அகண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம். காய்ந்த கூளம் ஒரு மூலையிலாவது எப்போதும் இருக்கட்டும். கோழி அதில் புழுதி குளிக்கும். பக்கவாட்டில் சாய்ந்து, காலால் மண்ணை வாரி இறைத்து, எழுந்து உதறும் அந்தக் குளியலைக் கால் கோளாறுள்ள கோழி முதலிலேயே குறைத்துக்கொள்கிறது. நடை கெடும் முன்பே அதைக் கவனித்தால் பிடித்துவிடலாம்.

கேள்வி (அதே வாசகர்): பிடிக்க வரும் ஆட்கள் ஒரு கைக்கு நான்கைந்து கோழிகளை ஒற்றைக் காலில் தொங்கவிட்டு எடுக்கிறார்கள். இதனால் கால் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். இடுப்பு மூட்டு கழன்று உள்ளே இரத்தம் கட்டுவது இதனால்தான். ஏற்கெனவே தொடை எலும்பின் தலை பலவீனப்பட்ட கோழிக்கு அந்த இடத்திலேயே முறியும். இரவில், மங்கிய வெளிச்சத்தில், இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இயன்றால் உடம்போடு அணைத்து எடுப்பது இன்னும் நல்லது. வலி தரும் விதத்தில் விலங்குகளை ஏற்றிச் செல்வதை 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே கொள்கிறது, கோழியும் அதற்குள் அடக்கம். நடக்க முடியாத கோழிகளை வண்டி வரும் முன், பகலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். இருட்டில், அவசரத்தில், ஆட்கள் அவற்றைப் பார்த்துப் பிரிக்கப் போவதில்லை.